விடுபட்ட ஊர்

நிரல் எப்போதோ நின்றிருக்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் ஓடாதபடி பூங்குழலியேதான் எழுதியிருந்தாள். ஆனால் நாற்பது நிமிடமாக மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. செஞ்சியில் காலையிலிருந்து விடாத மழை. மதியம் இரண்டு மணிக்கே மாடி அறை இருண்டு, ஜன்னலில் ராஜகிரி மலை இருந்த இடம் வெறும் சாம்பலாகி, ஈரச் சுவரின் வாடைக்கு நடுவே ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டின் நெடி மெல்லப் பரவியது.

சுற்றியிருந்த இருபத்தாறு ஊர்களுக்கு ஓர் அறக்கட்டளையின் வண்டி இன்சுலின் கொண்டுபோனது. எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தால், அவள் மடிக்கணினிக்குக் கோடிக்கணக்கான வருஷம் பிடிக்கும். தன் செயற்கை நுண்ணறிவு நிரல் நொடியில் சொல்லிவிடும் என்று அறக்கட்டளையிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அது சொன்ன வழியோ ஒரு நாளில் முடியவில்லை. கடைக்கோடியில் இருந்த ஓடைக்குப்பத்தை அவளே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே ராஜாங்கம் தனியாக இருந்தார். சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர். மூன்று முறை போன் செய்து, மருந்து தீர்ந்துவிட்டது, வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்தான் வழி போடுது ஐயா. நான் இன்னா பண்றது?” என்றாள் அவள், மூன்று முறையும்.

நான்காவது முறை அவர் கூப்பிடவில்லை. முந்தாநாள் அடக்கம் செய்தார்கள்.

இன்று ஓடைக்குப்பத்தைத் திரும்பச் சேர்க்கத்தான் உட்கார்ந்தாள். சேர்த்ததிலிருந்து நிரல் நிற்கவில்லை. நிறுத்திப் பார்த்தாள். அணைத்தாள். திரை கறுத்தது, இரைச்சல் மட்டும் ஓயவில்லை.

போன் அடித்தது. வண்டி ஓட்டும் செந்தமிழன்.

“அக்கா, இப்ப ஒரு லிஸ்ட் வந்துச்சி. இருபத்தாறு வரியிலயும் ஒங்க வீட்டு அட்ரஸ்தான் இருக்குது.” கொஞ்சம் தயங்கினான். “பேரு எல்லாத்துலயும் ராஜாங்கம்.”

“அந்த ஊரை நான்தான் எடுத்தேன் தம்பி,” என்றாள். “கம்ப்யூட்டர் இல்ல. நான்தான்.”

அழைப்பு அறுந்திருந்தது.

மாடிப்படியில் சத்தம். ஒற்றைக் கால். இடைவெளி. மறுபடி ஒற்றைக் கால். ஸ்பிரிட் நெடி மூக்கை எரித்தது. பிறகு கீழே இன்னொரு கால். இன்னொன்று.

தாழ்ப்பாளைத் திறந்தது தன் கைதான் என்பது திறந்த பிறகே தெரிந்தது.

படிக்கு ஒருவராக நின்றார் ராஜாங்கம். ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில். கடைசிப் படியைத் தாண்டி, மழை கொட்டும் தெருவிலும். எல்லாரும் ஊசிக்காகச் சட்டையைத் தூக்கி, வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு, அவளையே பார்த்தபடி.