குறியில்லாத முப்பது கோல்

ஐப்பசிப் பெருமழை ஓய்ந்து பதினாறு நாட்கள் சென்றிருந்தன. மேல்வானத்தில் செக்கர் ஒளி இன்னும் கரைந்து முடியாத அந்த அந்தி வேளையில், கீழ்வானில் எழுந்த முழுமதி வெண்மணலாற்றின் கலங்கிய நீர்ப்பெருக்கில் தன் ஒளியைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றை ஒட்டி ஓங்கிய மருதவேலிக் கோட்டையின் மதில்களும், மேலை வீதி மாளிகைகளின் மாடங்களும், அவற்றின் உச்சியில் அசைந்த கொடிகளும் அந்த நிலவில் நனைந்து நின்றதைக் காணும் எவரும், இந்நகருக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்கள். அன்புள்ள வாசகர்கள் அவசரப்பட்டு அப்படிக் கேட்டுவிட வேண்டாம். கண்ணைச் சற்றே தாழ்த்தி, நகரின் கீழ்க்கோடியிலுள்ள வேட்கோவர் வீதியைப் பாருங்கள். அங்கே குயவர்களின் சூளைகள் இடிந்து கிடந்தன. வீட்டுச் சுவர்களில் மார்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு ஒன்று வீதி முழுவதும் ஓடியது.

அவ்வீதியில், கையில் சோற்றுக் கலயமும் தலையில் முக்காடுமாக ஒரு பணிப்பெண் நடந்து வந்தாள். அவள் பணிப்பெண் அல்லள் என்பதை அவள் சேற்றில் கால் வைத்த விதமே காட்டிக்கொடுத்தது. வாசகர்களிடம் மறைப்பானேன்? அவள் மருதவேலிக் கோமானின் ஒரே புதல்வி கோதைப்பிராட்டி. பதினாறு நாட்களாக வாய் திறக்காமல் இருந்த வெட்கம் அவளை அங்கே இழுத்து வந்திருந்தது.

அந்நகரின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வானத்து நீர் முழுவதும் தெருக்களின் அடியிலே கல்லால் கட்டிய சுருங்கை என்னும் நிலத்தடிக் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகும். எந்த வீடு எவ்வளவு மழைநீரைத் தெருவில் தள்ளுகிறதோ, அவ்வளவு நீளச் சுருங்கையை அவ்வீட்டார் ஐப்பசிக்கு முன் தூர் வாரித் தரவேண்டும். கூரையையும், கல் பாவிய முற்றத்தையும் கோல் வைத்து அளந்து பங்கு போடுவார்கள். மண் முற்றம் நீரைக் குடித்துவிடும் என்பதால் அதற்குப் பங்கில்லை. ஒவ்வொரு வீட்டின் பங்கிலும் சுருங்கைச் சுவரில் அவ்வீட்டின் குறி வெட்டப்பட்டிருக்கும். பொய்யாக அளந்தவனுக்குத் தண்டனை, கோல் பிடித்த வலக்கையை இழப்பது. அதை உரைக்கும் உரிமை வெள்ளத்தில் அதிகம் இழந்தவருக்கு.

இவ்வாண்டு பொய்யாக அளந்தவன், நகரின் கோலளப்போனான இளநம்பி. எந்த வீட்டுக்காகப் பொய் சொன்னான் என்று எவ்வளவோ கேட்டும் அவன் பதில் சொல்லவில்லை. நிலவு கோட்டை மதிலுக்கு மேல் வந்ததும் அவன் கையை வெட்டப்போகிறார்கள்.

அவனை அடைத்து வைத்திருந்த களிமண் கொட்டகையின் வாசலில் காரிநங்கை அமர்ந்திருந்தாள். சூளையை மூடப் போன கணவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகு, தண்டனை சொல்லும் உரிமை அவளுடையதாகியிருந்தது.

"யாரம்மா நீ?" என்று கேட்டாள்.

"அவருக்குச் சோறு கொண்டு வந்தேன், அம்மா."

காரிநங்கை கலயத்தைத் திறந்து பார்த்து, மூடிக் கொடுத்தாள். "கொடு. கை இருக்கும்போதே பிசைந்து தின்னட்டும். பார்த்துப் போ, உள்ளே வழுக்கும். நீயும் தின்றாயோ இல்லையோ, முகம் வாடிக் கிடக்கிறது."

வைதிருந்தால் கோதை தாங்கியிருப்பாள். அந்தக் கனிவைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

அகல் விளக்கின் ஒளியில் அவளைக் கண்டதும் இளநம்பி எழுந்து நின்றான். "பிராட்டி, தாங்கள் இங்கே வரலாகாது."

"பேச நேரமில்லை. இந்தக் கொட்டகைத் தரையில் சுருங்கைக்கு இறங்குவாய் இருப்பதாக நீரே முன்பு சொல்லியிருக்கிறீர். அதன் வழியே ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். அங்கே படகு நிற்கிறது."

"அங்கே வழியில்லை."

"வழியில்லையா, வர மனமில்லையா?"

அவன் பதில் சொல்லவில்லை. அரசகுமாரிகளுக்கு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கோதை தரைக்கல்லை நகர்த்தி, விளக்கோடு தானே முதலில் இறங்கிவிட்டாள். அவள் எங்கேனும் விழுந்துவிடுவாளோ என்ற அச்சத்தில் அவனும் பின்தொடர்ந்தான்.

குனிந்துதான் நடக்க முடிந்தது. சுவரில் செட்டி வீட்டுத் தராசுக் குறி வந்தது. அடுத்து சேனாபதி மாளிகையின் வேல் குறி. அதற்கப்பால் எந்தக் குறியும் இல்லாத வெறுங்கல். அங்கிருந்து பத்தடி போவதற்குள் சேறும் மணலும் செத்தைகளும் கூரை வரை இறுகி வழியை அடைத்துக்கொண்டிருந்தன. கோதை கையால் தோண்டிப் பார்த்தாள். விரல்தான் வலித்தது.

"மழை விட்டு இத்தனை நாள் ஆகியும் இதை ஏன் வாரவில்லை?"

"யார் பங்கு என்று தெரியும்வரை தொடமாட்டோம் என்று வேட்கோவர்கள் உறுதியாய் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. வெள்ளம் இங்கே முட்டித்தான் அவர்கள் வீடுகளுக்குள் திரும்பியது."

"எத்தனை கோல்?"

"முப்பது."

கோதை விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்று அவள் நினைவில் எழுந்தது. அவளுடைய ஆடலுக்காகவென்று புதிதாகக் கல் பாவிய முற்றத்தின் ஓரத்தில் இவன் கோலோடு வந்து நின்றான். 'நான் ஆடும் முற்றத்துக்குமா மண் அள்ள வேண்டும்?' என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, கோலைத் தரையில் வைக்காமலே திரும்பிப் போனான். அன்று அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! தனக்காக ஒரு சட்டமே வளைகிறதே என்று தோழியரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நாமும் அங்கே இருந்திருந்தால் அதை ஓர் அழகான காதல் காட்சி என்று ரசித்திருப்போம், வாசகர்களே. நானே ரசித்திருப்பேன் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"என் முற்றத்தை மண் முற்றம் என்று எழுதினீரா?"

"எழுதினேன். தங்கள் புன்னகைக்காக எழுதினேன். மழை வந்து கணக்குக் கேட்கும் என்று அன்று தோன்றவில்லை."

"ஒரு முற்றம் விட்டுப்போனதற்காக உம்மைத் தண்டிக்கிறார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்த அம்மையின் கணவன்…" அவள் விளக்கைத் தாழ்த்தினாள். "இது தெரிந்துமா என் பெயரைச் சொல்லாமல் இருந்தீர்?" என்றாள்.

"தங்களைக் காப்பதாக நினைத்தேன். உண்மையில் இந்த அடைப்பை இன்னும் பதினாறு நாள் அப்படியே இருக்கத்தான் வைத்தேன். கையை இழப்பதைவிட அது எனக்குக் கூசுகிறது."

இருவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

அவர்கள் மேலேறி வந்தபோது நிலவு மதிலைத் தாண்டியிருந்தது. கொட்டகைக்கு வெளியே வீதியார் அனைவரும் கூடி நின்றார்கள். வெட்டுக்கட்டை நடுவில் இருந்தது. அதன் பக்கத்தில் காரிநங்கை நின்றாள். கோதை நேரே அவள் முன் சென்று முக்காட்டை நீக்கினாள். கூட்டத்தில் பலர் அவளைத் திருவிழாப் பல்லக்கில் கண்டவர்கள். சிலர் தாமாகவே கை கூப்பினார்கள்.

"கூப்பாதீர்கள். நான் கோமான் மகள் கோதை. குறியில்லாத அந்த முப்பது கோலும் என் வீட்டுப் பங்கு. நான் கேட்டுத்தான் இவர் பொய்யாக எழுதினார். வெட்டுவதானால் என் கையிலிருந்து தொடங்குங்கள்."

காரிநங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சோறு கொண்டு வந்த பெண் என்று உன்னிடம் பரிவாகப் பேசினேனே," என்று மட்டும் சொன்னாள்.

கோதையின் முகம் நெருப்பாய்க் கன்றியது. "சேறு முழுவதும் வாரி, சுருங்கையின் மறுமுனையில் ஆறு என் கண்ணில் படும்வரை அரண்மனைக்குள் காலடி வைக்கமாட்டேன். இது என் குலத்தின் மேல் ஆணை."

"ஆணையெல்லாம் எதற்கு? மண்வெட்டி இருக்கிறது." காரிநங்கை இளநம்பியின் பக்கம் திரும்பினாள். "உன் கையை வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன்? நாளைக் காலை அரண்மனையிலிருந்து தொடங்கி மேலை வீதி முழுவதையும் அதே கையால் மறுபடி அள. நாங்கள் கூடவே நின்று பார்ப்போம். இப்போது அவளுக்கு விளக்குப் பிடி."

வெட்டுக்கட்டையை யாரோ ஓரமாக உருட்டினார்கள். கோதை கூடையோடும் மண்வெட்டியோடும் இறங்கினாள். முதற்கூடைக்கே உள்ளங்கை கொப்புளித்தது. சேறு நிறைந்த கூடையை இறங்குவாய் வரை சுமந்து வந்து தலைக்கு மேலே தூக்க, அங்கே குனிந்திருந்த காரிநங்கை அதை வாங்கிக் கொட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தாள். இரண்டாம் கூடையும் அப்படியே போயிற்று.

மூன்றாம் கூடைக்கு வெட்டியபோது மண்வெட்டி மரத்தில் பட்டது. கோதை கையால் தோண்டி எடுத்துச் சேற்றை வழித்தாள். அது பச்சைப் பானையைத் தட்டி உருவாக்கும் மரப்பலகை. பல்லாண்டு பிடித்துப் பிடித்துப் பிடியில் ஓர் ஆணின் விரல்கள் பதிந்திருந்தன. இளநம்பி விளக்கை அதன் அருகில் கொண்டுவந்தான். சூளையை மூடப் போனவனுடையதோ என்று கோதைக்குத் தோன்றியது.

அதைக் கூடையில் சேற்றோடு போட அவளுக்கு மனம் வரவில்லை. இறங்குவாய்க்குக் கொண்டுவந்து, இரு கைகளாலும் ஏந்தி மேலே நீட்டினாள். முகத்தை நிமிர்த்த மட்டும் முடியவில்லை.

பிறகு பலகை அவள் கைகளிலிருந்து மெல்ல விலகிற்று. காரிநங்கை அதை முந்தானையால் துடைத்து, பிடியில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பின் வெறுங்கைகளை இறங்குவாய்க்குள் நீட்டினாள்.

"கூடையைக் கொடு," என்றாள்.