அபாயச் சங்குக்குத் திரும்பாதவன்

“யோவ்! உனக்கென்ன காது செவிடா?”

சித்லாலி போட்ட கூச்சலில் மழைகூட ஒரு நொடி நின்றிருக்கும். அந்த ஆள் மட்டும் திரும்பவில்லை...

தெருக்கம்பத்து ஒலிபெருக்கிகள் நிலநடுக்கச் சங்கை ஊதிக்கொண்டிருந்தன. நிலம் ஆடுவதற்குச் சில நொடிகள் முன்பே ஒலிக்கும் அந்தச் சத்தம் கேட்டால் மெக்சிகோ நகரத்தில் யாரும் யோசிப்பதில்லை. கால்களே முடிவெடுத்துவிடும். டோன்யா கேத்தா அம்மாளின் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் கரண்டியைப் போட்டது போட்டபடி நடுத்தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் வாயில் தோர்த்தியா ரொட்டி பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கேத்தா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லை வழியாக ஓடி வந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

சித்லாலியும் வாசலைத் தாண்டிவிட்டவள்தான். ஏனோ திரும்பிப் பார்த்தாள். உள்ளே, கடைசி மேஜையில், சுவரைப் பார்த்தபடி ஒருத்தன் குனிந்து போசோலே சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல்... எலுமிச்சம்பழத்தை வேறு பிழிந்துகொண்டு!

என்ன நினைத்து உள்ளே ஓடினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. துணிச்சல் இல்லை. கோபம். அவள் குரலுக்கு ஒருவன் திரும்பாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து அவன் ஸ்வெட்டர் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் அலறிப்புடைத்து எழுந்தான். கையிலிருந்த கிண்ணம் பறந்தது. சிவப்புச் சாறு மொத்தமும் அவளுடைய வெள்ளைச் சட்டையில்!

இருவரும் உறைந்து நின்றார்கள். தேன் நிறக் கண்கள்... அதிர்ச்சியில் அகல விரிந்த கண்கள்... ‘ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளமா இமை?’ என்று அந்த நேரத்திலும் அவள் மனசு கேட்டது. அடச்சீ, நினைக்கிற நேரமா இது?

அப்போதுதான் தரை நகர்ந்தது.

தொங்கும் விளக்குகள் ஊஞ்சலாடின. அவன் முகம் வெளுத்தது. இந்த முறை அவன்தான் அவள் கையைப் பற்றினான். இருவரும் நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வாசற்படியில் கால் வைத்தபோது பின்னால் பெரும் சத்தம். கேத்தா ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த மண்ஜாடிகள், சுவரில் அடித்திருந்த கனத்த மரப்பலகையோடு, கடைசி மேஜை மேல் விழுந்து நொறுங்கியிருந்தன. அவன் தலை குனிந்திருந்த அதே இடத்தில்.

தெருவில் மழை சோவென்று கொட்டியது. சித்லாலிக்குப் பயமெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

“அறிவிருக்கா உனக்கு? ஊரே ஓடுது, துரைக்கு சூப்பு கேக்குதா? நான் தொண்டை கிழியக் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா? அவ்வளவு திமிரா? செத்திருப்பே! என்னையும் சேத்துச் சாகடிச்சிருப்பே! எருமை! இந்தச் சட்டையைப் பாரு...”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்களை இல்லை, உதடுகளை. ‘பொறுக்கிப் பய...’ என்று அடுத்த வார்த்தையைத் தேடும்போது அவன் வாயைத் திறந்தான். அளவில்லாத சத்தம். தெருக்கோடி வரை திரும்பிப் பார்த்தது.

“கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க! எருமை வரைக்கும்தான் புரிஞ்சுது! எனக்குக் காது கேக்காது!”

சித்லாலி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘காது செவிடா உனக்கு...’ கடவுளே, அவள் கேட்ட முதல் வார்த்தையே அதுதானே! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“நல்லவேளை,” என்று அவன் தன் குரலைத் தணிக்கப் பார்த்தான். “பாதித் திட்டு மிச்சமாச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவள், எதற்கென்று தெரியாமலே அழுதுவிட்டாள்.

*

அவன் பெயர் லியாந்த்ரோ. இரண்டு தெரு தள்ளி, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடையைப் புதிதாகத் திறந்திருந்தான். சின்ன வயதில் வந்த மூளைக் காய்ச்சலில் காது போனது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. ஆனால் சத்தத்தை அளக்கத் தெரியாது. மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெளியில் அதிகம் பேசமாட்டான்.

அதெல்லாம் கேத்தா சுடச்சுட இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்த பிறகு தெரிந்தது. சுவர் ஓரம் வேண்டாம் என்று அவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். சித்லாலியின் சட்டையில் உப்பைத் தடவி, “கறை போகாது மகளே, புதுசு வாங்கித் தரச் சொல்லு” என்று லியாந்த்ரோவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“உங்க உதடு ரொம்ப வேகம்,” என்றான் அவன். “அப்படி என்ன வேலை பாக்குறீங்க?”

“ரேடியோல பேசுறேன்.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “என்னது?”

“ரே... டி... யோ. காலை நிகழ்ச்சி. இந்த நகரத்துல பாதிப் பேரு என் குரலைக் கேட்டுத்தான் கண்ணே முழிக்கிறாங்க.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தான். “அவ்வளவு பெரிய ஆளு... தப்பான ஆள்கிட்ட வந்து கத்தியிருக்கீங்க!”

“அப்ப நாய்ங்க குரைக்கிறதும் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?”

“எனக்கென்ன? குரைச்சுக் குரைச்சு அதுங்களே களைச்சுப்போயி உக்காந்துடும். உங்களை மாதிரிதான்.”

“ஹலோ...!”

மறுநாளும் வந்தான். அவளும் வந்தாள். கேட்டால் போசோலே என்று சொல்லிக்கொண்டார்கள். ஜன்னலில் மழை வழியும். அவன் அவள் உதடுகளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டான். முதலில் கூசியது... பிறகு அது இல்லாமல் பேசவே பிடிக்கவில்லை. அவள் குரலில் மயங்கி வந்தவர்கள் உண்டு. ஒருத்தன் நேரில் பார்த்துவிட்டு, “குரல் மாதிரி ஆள் இல்லையே” என்று முகத்துக்கு நேரே சொன்னான். இவன் ஒருத்தன்தான் அந்தக் குரல் இல்லாமல் அவளைப் பார்த்தவன். குரலைக் கழித்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அவள் பயந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு அவள் கன்னத்துக் குழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் அவளே கெடுத்தாள்.

*

ஒருநாள் காலை நிகழ்ச்சியில் நிலநடுக்கம் பற்றிப் பேச்சு வந்தது. நேயர்கள் கூப்பிட்டுத் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். சித்லாலிக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்தால் வழியும்; அவளுக்கு வழியும் இடம் மைக்தான்.

சொன்னாள். கேத்தாவின் கடை... திரும்பாத முதுகு... விழுந்த ஜாடிகள்... காது கேளாத ஓர் இளைஞன். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நாய்களுக்கு முடி வெட்டும் கடையைச் சொல்லிவிட்டாள். குரல் தழுதழுத்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அவள் சாப்பிடப் போனபோது லியாந்த்ரோ ஏற்கெனவே வந்திருந்தான். உட்காரவில்லை. ஸ்வெட்டரெல்லாம் நாய்முடி. அந்தத் தேன் நிறக் கண்களில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது.

“இன்னைக்கு என் கடைக்குக் கூட்டம். யாரும் நாயோட வரல. ஒரு அம்மா கேக் கொண்டு வந்தாங்க. ஒருத்தர் வாயை இவ்வளவு பெருசாத் திறந்து, ‘பா... வம்... தம்... பி...’ன்னு சொல்லி என் தலையைத் தடவினாரு. எனக்கு முப்பது வயசு.”

“லியாந்த்ரோ, நான்...”

“என்னன்னு புரியாம முழிச்சேன். கடைசியில ஒரு பொண்ணு நீங்க பேசினதை போன்ல எழுத்துல காட்டுச்சு. என் கதையை ஊர் பூராக் கேட்டுருச்சு. கேக்க முடியாத என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை நீங்க கேக்கல.”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். காது மடல்கள் சிவந்தன. சட்டென்று வெளியேறினான்.

சித்லாலி நின்ற இடத்திலேயே நின்றாள். அடி வாங்கியவள்போல. பூமி அசைந்தபோதுகூட இப்படி ஆகவில்லை அவளுக்கு.

மறுநாள் தயாரிப்பாளர் யோசனை சொன்னார். “நிகழ்ச்சியிலேயே மன்னிப்புக் கேட்டுடு. ஜனங்க உருகிடுவாங்க.”

“அவருக்குக் கேக்காது சார்.”

“ஜனங்களுக்குக் கேக்கும்ல?”

“அதான் சார் தப்பே.”

கடைக்கே போனாள். ஒரு பெரிய பஞ்சு நாய்க்கு அவன் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, திரும்பி நின்றுகொண்டான். அவ்வளவுதான். மற்ற ஆண்களானால் கதவைச் சாத்தினாலும் வெளியிலிருந்து கெஞ்சலாம். இவன் முதுகைக் காட்டினால் உலகத்தின் எல்லா வார்த்தைகளும் தீர்ந்துவிடுகின்றன. நாய்தான் அவளைப் பார்த்துக் குரைத்தது.

அதன் பிறகு அவன் கேத்தாவின் கடைக்கு வருவதில்லை. சித்லாலி வந்தாள். தட்டில் கிளறினாள். போனாள்.

“உப்பு இல்லையா மகளே?” என்பாள் கேத்தா.

“எல்லாம் இருக்கு டோன்யா.”

“பின்னே என்ன? சாப்பாட்டைப் பாத்து அழறே... வர்றவங்க என் சமையலைத் தப்பா நினைக்கப்போறாங்க.”

*

கேத்தாவிடம் ஒரு கிழட்டு நாய் இருந்தது. குளித்தே பழக்கமில்லாத நாய். ஒருநாள் அதை இழுத்துக்கொண்டு லியாந்த்ரோ கடைக்குப் போனவள், கூலி கொடுக்காமல், “ஞாயித்துக்கிழமை மோலே குழம்பு வைக்கிறேன். வந்து சாப்பிட்டுக் கழிச்சுக்கோ. வரலைன்னா இந்த நாயை உன் கடையிலயே கட்டிட்டுப் போயிடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சித்லாலியிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மதியம் சித்லாலி கதவைத் தள்ளியபோது உள்ளே திருவிழா. ஒரு மேஜையில் ஞானஸ்நான விருந்து. மூன்று பாட்டுக்காரர்கள் கிதாரை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் கால்பந்து. யாரோ கோல் போட, இந்தப் பக்கம் ஒரு கூட்டம் எழுந்து குதித்தது. கேத்தா எதையோ கத்தினாள், அது அவளுக்கே கேட்டிருக்காது.

அந்தக் கூட்டத்துக்கு அப்பால், எதிர்ச்சுவர் ஓரம், அவன்.

அவளைப் பார்த்துவிட்டான். எழுந்துவிடுவான்... முகத்தைத் திருப்பிவிடுவான்... நடுவில் இத்தனை நாற்காலிகள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விடுவான். கூப்பிட்டால்? இந்தக் கடையில் யாருக்குமே யாருடைய குரலும் கேட்காது. அவனுக்கு எப்போதுமே கேட்காது.

அவள் கூப்பிடவில்லை. மழை சொட்டும் தலையோடு வாசலிலேயே நின்று, உதடுகளை மட்டும் அசைத்தாள். குரல் துளிகூட இல்லாமல். மெதுவாக.

‘தப்பு பண்ணிட்டேன்.’

அவன் கை தோர்த்தியாவோடு பாதியில் நின்றது.

‘உங்களை நான் காப்பாத்தல. நான் கத்தியும் திரும்பலன்னு கோபம். அடிக்கத்தான் வந்தேன்.’

அவன் புருவம் உயர்ந்தது. இன்னும் முகத்தைத் திருப்பவில்லை... இன்னும் திருப்பவில்லை...

‘ஊருக்கே சொன்னேன். இப்ப உங்களுக்கு மட்டும் சொல்றேன்.’

அவள் பக்கத்தில் நின்றவர் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார். பாட்டுக்காரர்கள் பாடினார்கள். குழந்தை அழுதது. அத்தனை பேர் நடுவில், அத்தனை வெளிச்சத்தில், ஒருவருக்கும் தெரியாமல் அவள் சொன்னாள்.

‘எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லாம சோறு இறங்கல. உங்க கண்ணு முன்னாடியே இருந்துடணும்னு இருக்கு... கடைசி வரைக்கும்.’

லியாந்த்ரோ அசையவில்லை. கண்கள் மட்டும், அன்றைக்குப்போலவே, அகல விரிந்தன. அவனுக்குப் புரியவில்லையோ? இல்லை, புரிந்துதான் இந்த அதிர்ச்சியா? சித்லாலியின் கை கதவைத் தேடியது. ஓடிவிடலாமா...

அவன் மெல்ல எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அது அவனுக்குத் தெரியாது. பாட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துப் பாட்டை முடித்திருந்தார்கள். அதுவும் அவனுக்குத் தெரியாது.

“எனக்கும்தான்!”

கரண்டிகள் நின்றன. கால்பந்துக் கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. அழுத குழந்தையே வாயை மூடியது.

“எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு! எருமைன்னு திட்டுனியே, அப்பவே பிடிச்சிடுச்சு! கட்டிக்கிறியா?”

கேத்தாவின் கையிலிருந்து அகப்பை மோலே பானைக்குள் விழுந்தது. கடையே இங்கும் அங்கும் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லையே? ஒருத்தியும் வாய் திறக்கவில்லையே?

“ஏம்ப்பா,” என்றாள் கேத்தா, மாரில் கையை வைத்துக்கொண்டு, “யாருக்குப்பா பதில் சொல்றே?”

வாசலில், நகரத்தையே எழுப்பும் குரல்காரி, ஒரு வார்த்தை வராமல், மழையும் கண்ணீருமாக, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்... ஆமாம், ஆமாம், ஆமாம் என்று.