நிலைவேகம் நின்ற இடம்

காற்று இன்னும் நாற்பத்தொரு மணி இருபது நிமிடத்துக்கு இருந்தது.

செம்மேட்டிலிருந்து நீரகத்துக்குக் கிளம்புகிறவர்கள், வழிக்குச் சோறு கட்டுவதுபோலக் காற்றையும் கட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள். பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கு ஐம்பது மணி நேரக் காற்று. அதைச் செவ்வாய்க் கிரகத்தில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வண்டியின் கதவு அடைபட்டதும் நிலைவேகத்தைப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். எண்பது கிலோமீட்டர் வேகம், கூடாமல் குறையாமல், மறுமுனை வரைக்கும்.

ஜெசிந்தா விழித்தபோது வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கணவன் அமலதாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘மிதி அழுத்தப்பட்டுள்ளது. நிலைவேகம் நீக்கப்பட்டது.’

“மிதியா? எந்த மிதி?” என்றாள். அந்த வண்டியில் காலால் அழுத்தும் பிரேக் மிதி என்று ஒன்றே கிடையாது.

“அதைத்தான் நானும் அஞ்சு நிமிசமாத் தேடுதேன்.”

நிலைவேகம் இல்லாவிட்டால் வண்டி மனிதர் கைக்கு வந்துவிடும். மனிதர் கையில் பதினைந்துக்கு மேல் ஓடாது. முந்தைய தலைமுறை பள்ளங்களில் உருட்டிவிட்ட வண்டிகளைக் கணக்கில் வைத்துப் போட்ட சட்டம் அது. பாதி வழிப் பலகை இப்போதுதான் பின்னால் போயிருந்தது. முன்னால் அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பின்னால் அறுநூற்றுத் தொண்ணூறு. ஊர்ந்து போனால் நாற்பத்தாறு மணி நேரம். இருவருமே அந்த வகுத்தலை மனத்துக்குள் போட்டார்கள். காற்று ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போதாது.

அமலதாஸ் செம்மேட்டுப் பணிமனையைக் கூப்பிட்டான். நாச்சிமுத்து என்பவர் பேசினார். எதற்கும் அவசரப்படாத குரல்.

“மொதல்ல ஃபியூஸப் பாத்தரலாமுங்க. நாலாவது வரிசை, நீலம்.”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்பச் சக்கரத்துல வேக உணரி இருக்குது பாருங்க. அதுல தூசி அடஞ்சாலும் நின்னுக்கும். கவச உடுப்பப் போட்டுட்டு எறங்கித் தொடச்சு வுடுங்க. அம்மணி உள்ளயே இருக்கட்டும்.”

அவன் இறங்கிப் போனான். தடித்த கண்ணாடிக்கு அப்பால் அவன் சக்கரத்தருகே குனிவது தெரிந்தது. ஜெசிந்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் முதலில் தனக்கு வந்தது பயமில்லை, நிம்மதி என்பதை அவளால் தனக்கே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பதினோரு வருடமாகச் செம்மேட்டின் பாசித்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். எந்தத் தொட்டிக்கு என்ன குறை என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள். நீரகத்தில் ஏரி பார்த்த வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அமலதாஸ் வந்து சொன்ன அன்று, “சந்தோசந்தான?” என்று கேட்டான். “பின்ன?” என்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறென்ன சொல்வது? அதன்பிறகு மூன்று நாள் விருந்து நடந்தது. தொட்டிகளை வேறொருத்தியிடம் ஒப்படைத்தாயிற்று.

அவன் திரும்பி வந்தான். திரையில் அதே வாசகம்.

“செரி. வண்டிய ஒருக்கா வந்த பக்கமாத் திருப்பி வுட்டுப் பாருங்க,” என்றார் நாச்சிமுத்து.

வண்டி வளைந்து திரும்பியது. முள் இருபது, நாற்பது என்று ஏறி எண்பதில் போய் நின்றது. நிலைவேகம் பிடித்துக்கொண்டது. இருவரும் மூச்சுவிடக்கூடப் பயந்து ஐந்து நிமிடம் அப்படியே போனார்கள். மறுபடி நீரகத்தின் பக்கம் திருப்பியதும் முள் சரிந்தது.

“இது என்ன கூத்து,” என்றான் அமலதாஸ்.

“வண்டியில கோளாறு இல்லீங்க,” என்றார் நாச்சிமுத்து. “அந்தக் காலத்துல பூமியில, ஓட்டறவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களும் பயந்தா வெறுந்தரையக் காலால அழுத்துவாங்களாம். அந்தப் பழக்கம் மனுசனுக்குப் போகவே இல்ல. அதனால மிதிய எடுத்துப்போட்டு ஒவ்வொரு சீட்டுக்கடியிலயும் ஒரு உணரி வெச்சுட்டாங்க. கெண்டைக்கால் நரம்பு இறுகுதான்னு அது பாக்கும். உள்ள இருக்கறவங்களுக்கு வேண்டாம்னு இருந்தா வண்டி போகாதுங்க.”

வண்டிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“பயமெல்லாம் ஒண்ணுமில்லையே,” என்றான் அமலதாஸ், தேவைக்கு மேல் சத்தமாக.

“எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. வாரத்துக்கு மூணு வண்டி இதே பலகைகிட்ட நிக்குது. சீட்டுக்கடியில மஞ்சள் ஒயர் இருக்கும். புடுங்கிட்டா ஓடும்.”

“திரும்பி வந்தவங்க உண்டா?” என்றான்.

“வழியனுப்புனவங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது? இன்னிக்கு நீரகத்துல நிக்கற வண்டி பூராவும் ஒயர் புடுங்குன வண்டிதான். நான் ஒரு டீ குடிச்சுப்போட்டு வர்றனுங்க. இந்த எடத்துல நான் லைன்ல இருந்தா நல்லாருக்காது.”

தொடர்பு அறுந்தது. காற்று முப்பத்தொன்பது மணி ஐம்பது நிமிடம் என்று காட்டியது.

குற்றவாளி தான்தான் என்பதில் ஜெசிந்தாவுக்குச் சந்தேகமே இல்லை. தன் கால் தன்னைக் கேட்காமல் அவனுடைய ஆசைக்குக் குறுக்கே நிற்கிறது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் குனிந்தாள். ஒயர் மெல்லியதாக, சூடாக இருந்தது. பிடுங்கினாள். அந்தச் சின்னச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை.

“இப்பப் போட்டுப் பாருங்க,” என்றாள்.

அவன் நிலைவேகத்தை அழுத்தினான்.

திரை மாறவில்லை. மிதி அழுத்தப்பட்டுள்ளது.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். பிறகு அவன் கால்களைப் பார்த்தாள். கவச உடுப்பின் தடித்த காலணிகள் தரையில் ஊன்றியிருந்தன, சரிவில் இறங்குகிறவனுடையவைபோல.

அமலதாஸ் தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டான். விரல்கள் ஒயரைத் தொட்டது தோளின் அசைவில் தெரிந்தது. கை அங்கேயே இருந்தது. காற்றுமானி ஒரு நிமிடத்தைக் கழித்தது, பிறகு இன்னொன்றை.

“நீங்க அதைப் புடுங்குதீங்களா, இல்ல நான் புடுங்கவா?” என்றாள்.

அவன் கையை வெறுமையாக வெளியே எடுத்தான்.

“நீ அவ்வளவு சந்தோசமாப் ‘பின்ன’ன்னு சொன்னியா, அதான் எனக்குச் சொல்ல வாய் வரல,” என்றான். “ஜெசி, எனக்கு அந்த ஊருக்குப் போகவே இஷ்டமில்ல.”