பதிமூன்றாவது கிளிப்

"கழுத்து சாம்பலா, கறுப்பா? அத மட்டும் சொல்லுண்ணே. பாவம், சாபமெல்லாம் ஒன்னைய யாரு கேட்டா?" என்றான் அப்துல் கையூம்.

பேகம்பூர் தோல் கிட்டங்கியில் அவன் அத்தாவிடம் வேலை பார்க்கும் ஒச்சப்பன், முற்றத்துக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிய செத்த காக்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. "காக்கா மூஞ்சிய மறக்காது தம்பி. நீங்க கழுத்தத் திருகுனத அம்புட்டும் பாத்துச்சு."

"பாக்கட்டுமே! போட்டோவுக்குக் கூட்டம் சேரணும்னுதான தொங்கவிட்டேன். சாம்பக் கழுத்துன்னா ஊர்க்காக்கா, முழுக் கறுப்புன்னா அண்டங்காக்கா. தெனமும் சோறு வச்சும் இது தெரியல. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட!"

காக்கைகள் திரண்டன. கரைந்துகொண்டே அவன் முகத்துக்கு நேரே பாய்ந்தன. கேமராவில் பன்னிரண்டு படத்தோடு ஃபிலிம் ரோல் முடிந்தது. மறுநாள் நாலு மணித் தபாலில் படங்கள் மெட்ராஸ் புகைப்படப் போட்டிக்குப் போயாக வேண்டும். இந்த ஐம்பத்தொன்பதாம் வருஷமும் பரிசில்லாமல் திரும்பி வந்தால் கேமராவை விற்றுவிடுவதாக அத்தா சொல்லியிருந்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆவாரம்பட்டையின் துவர்ப்பும், பச்சைத்தோலின் வீச்சமும், படம் கழுவும் ஹைப்போவின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் அப்பியிருக்க, சிவப்பு பல்புக்கு அடியில் கழுவிய படங்களை ஒவ்வொன்றாகக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினான். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. வெளியே ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

"பயந்தாங்கொள்ளிக" என்று சிரித்தான்.

படங்களை எண்ணினான். பதிமூன்று.

மறுபடி எண்ணினான். பதிமூன்று.

அறையில் கிளிப்பே பன்னிரண்டுதான். பதிமூன்றாவதைக் காக்கையின் காலில் மாட்டித்தான் முற்றத்தில் தொங்கவிட்டிருந்தான். அது இன்னும் அங்கேதான் தொங்க வேண்டும்.

கொடியின் கடைசியில் தொங்கியது மட்டும் காகிதம்போல் சுருளவில்லை. தடிப்பாக இருந்தது. காற்றில்லாத அறையில் லேசாக ஆடியது. கழுத்து சாம்பலா, கறுப்பா? சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. குனிந்து பார்த்தான்.

அது கழுத்தை மெல்லத் திருப்பியது. அவன் திருகிய பக்கமே.

பல்பு அணைந்தது.

தாழ்ப்பாளைத் தேடிக் கையை நீட்டினான். ஈரம். இறகு. இளஞ்சூடு. சுட்டுவிரலை ஏதோ கவ்வியது. இழுத்தான். விடவில்லை. இன்னும் இறுக்கியது. கூரை ஓடுகளின் மேல் நூறு கால்கள் சத்தமில்லாமல் வந்து இறங்கின.

விரலைக் கவ்வியிருப்பது கிளிப்தானே? சொல்லுங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?