சிவப்புப் போர்வையும் நீலத் துண்டும்

அப்பா பகல் ரயிலில் தேநீர் விற்கவில்லை, பரிமாறினார். இந்த வித்தியாசத்தை யாராவது மறந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

காலையில் ஒரு நகரத்தில் கிளம்பி, மாலையில் இன்னொரு நகரத்துக்குப் போகும் ரயில் அது. மதியம் வீட்டுக்குப் பின்னாலுள்ள வேலிக்கு அந்தப் பக்கமாகத்தான் போகும். அப்போது அப்பா ரயிலின் சமையல் பெட்டிக் கதவருகே நின்று நீலத் துண்டை ஆட்டுவார்.

"சிவப்புல துண்டு வாங்கி ஆட்டினா ரயில் நின்னுடும். அப்புறம் அத்தனை பேரோட டீயும் ஆறிடும்" என்று சிரிப்பார்.

அப்பா காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அக்காவுக்கு அது புரிந்தது. தம்பி வாலுவுக்கு ஐந்து வயதுதான். அவன் இன்னும் தினமும் மதியம் வேலியருகே போய் நின்றான்.

அன்று அவன் ஒரு சிவப்புப் போர்வையைத் தரதரவென்று இழுத்து வந்தான். அக்கா ஓடிப்போய் அதன் மறுமுனையைப் பிடித்தாள்.

"எதுக்குடா இது?"

"ரயிலை நிறுத்தப்போறேன். நின்னாத்தானே அப்பா இறங்க முடியும்?"

அம்மாவைக் கூப்பிடலாம். ஆனால் அம்மா அப்போதுதான் அழுது ஓய்ந்து படுத்திருந்தாள். அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாலு, அப்பா அந்த ரயில்ல இல்லடா."

"அப்போ எந்த ரயில்ல?"

"எந்த ரயில்லயும் இல்ல. செத்துப்போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."

அவன் அவளை அடித்தான். பிறகு அவள் மடியில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுதான். அக்காவும் அழுதாள். போர்வையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் ரயில் கூவியது. அப்பாவின் நீலத் துண்டு கொடியில் தொங்கியது. அக்கா அதை உருவி, வேலிக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

சமையல் பெட்டிக் கதவருகே டீ கேனோடு நின்ற ஒருவர் அதைப் பார்த்துத் திகைத்தார். சட்டென்று தொப்பியைக் கழற்றி, கண்ணுக்கு மறையும்வரை ஆட்டிக்கொண்டே போனார்.

"அது யாரு?"

"அப்பாகூட வேலை பார்த்த மாமா."

"அவரு வீடு எங்க?"

"எங்கேயோ தூரத்துல. அந்தப் பக்கம் ரயிலே போகாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

வாலு அவள் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"அப்போ அவருக்கு யாரு கை காட்டுவாங்க?"



மறுநாள் மதியம் சிவப்புப் போர்வை கட்டிலிலேயே கிடந்தது. வாலு மட்டும் முன்னதாகவே வேலியருகே போய் நின்றான். அவன் தோளிலிருந்து நீலத் துண்டு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளு அக்கா, நான்தான் ஆட்டுவேன். மாமா தேடுவாரு."