மூச்சுக்கு மட்டும் மின்சாரம்

"அடுப்பப் போடாதீங்க அத்தை!"

நெரெய்தா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினாள். காப்பிப் பாத்திரத்தோடு நின்ற எவுபேமியாவின் முகம் சிவந்தது. புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து அந்த மலைப்பக்கம் கரண்ட் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு இருந்ததெல்லாம் முற்றத்தில் விரித்த சோலார் தகடுகளும், அவற்றில் சார்ஜ் ஏறும் பேட்டரிப் பெட்டியும்தான்.

"ஒரு வாய் காப்பிக்கு இந்த வீட்ல எனக்கு வழியில்லையா?"

"கரண்ட் அடுப்பு இருக்கிற சார்ஜையெல்லாம் உறிஞ்சிடும் அத்தை. வானம் வேற மூடிக் கிடக்கு... ராத்திரி உங்க ஆக்ஸிஜன் மெஷினுக்கு வேணுமே! வெளிய விறகுல போட்டுத் தர்றேன்."

"ஒர்லாண்டோவுலேருந்து என் பிள்ளை அன்செல்மோ அனுப்பின பெட்டிடீ இது! நடுவுல நீ யாரு? நல்லா ஓடின சலூனை மூடிட்டு உக்காந்து திங்கிறவதானே..."

நெரெய்தா கணவனைப் பார்த்தாள். வில்ஃப்ரெடோ தலை நிமிராமல், "கேக்குறதக் குடுத்துத் தொலையேன்" என்றான். அவள் விறகடுப்பு மூட்டப் போனாள்.

மத்தியானம் போனில் சிக்னல் வந்ததும் அன்செல்மோவின் குரல் கேட்டது. மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்த எவுபேமியா துள்ளி எழுந்தாள்.

"உன் பெட்டியாலதான்டா ராசா மூச்சு விடறேன்!"

"எந்தப் பெட்டிம்மா?... நான் ஒண்ணும் அனுப்பலியே. இங்க என் பாடே திண்டாட்டம்... மன்னிச்சுக்கோம்மா."

போன் கட்டாகிவிட்டது. மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"அப்போ... நீயா நெரெய்தா?" வில்ஃப்ரெடோவின் குரல் தடுமாறியது.

"சலூன் நாற்காலி, கண்ணாடி எல்லாத்தையும் வித்துத்தான் வாங்கினேன். போன புயல்ல அத்தை மூச்சுக்குத் தவிச்சாங்களே... அத இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அவன் பேர ஏன்டீ சொன்னே?" எவுபேமியா விம்மினாள்.

"நான் வாங்கினதுன்னா தொட்டிருப்பீங்களா? அதோட... அவன் போனுக்காக நீங்க தெனமும் அழுதீங்களே அத்தை. பிள்ளைக்கு நெனப்பு இருக்குன்னு சந்தோஷப்படட்டும்னுதான்..."

கத்தரிக்கோலையும் சீப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். கீழே பொன்சே நகரத்தில் அவள் அக்காவின் சலூனில் ஆள் தேவைப்பட்டது.

"அம்மா தெரியாமப் பேசிட்டாங்க..." வில்ஃப்ரெடோ வாசலை மறித்தான்.

"அவங்களுக்குத் தெரியாது, சரி. நான் சும்மா உக்காந்து தின்னவ இல்லைன்னு உங்களுக்குமா தெரியாது?"

வில்ஃப்ரெடோ விலகி வழிவிட்டான்.

குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எவுபேமியா தள்ளாடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கதறக்கூட மூச்சு பத்தவில்லை. நெரெய்தா அவளைத் தாங்கிக் கூட்டிப் போய் உட்காரவைத்தாள். குழாயை மூக்கில் மாட்டினாள். கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க... அழுதா இன்னும் மூச்சு வாங்கும்."

பிறகு கணவனிடம், "வெயில் வந்தா தகட்டைத் திருப்பி வைங்க. ராத்திரி ஃபிரிட்ஜ் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எப்ப வருவே மகளே?"

இத்தனை வருட வாழ்வில் எவுபேமியா அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நெரெய்தாவின் கால்கள் ஒரு கணம் நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் மலைச்சரிவில் இறங்கிப் போனாள்.