சேற்றுக் கால்களும் வெள்ளிக் கோப்பையும்

இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் காட்டோரம் வாழும் எங்கள் பார்ட்வெல் குடும்பத்தில் நாய்களைக் கழுவும் வழக்கம் இல்லை. சேறு அடுப்பருகே காயும். பிறகு உதறிவிட்டால் போயிற்று. சேறு படாத வேட்டை நாய் சோம்பேறி நாய் என்பார் என் அப்பா.

அதனால் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை பின்வாசலில் கண்ட காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. என் பேத்தி டாம்சின், எங்கள் வேட்டை நாய் நெட்டிலின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதுவும் ஆண்டுதோறும் நடக்கும் வேட்டை நாய்ப் போட்டியில் என் அப்பா வென்ற வெள்ளிக் கோப்பையால்.

"கைக்கு இதுதான் கிடைச்சுது தாத்தா," என்றாள் அந்தப் பத்து வயதுக்காரி. "காலையிலேருந்து ஒரே இடத்தை நக்கிட்டே இருக்கா. சேத்துக்கு அடியில பாருங்க."

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவந்த புண்.

"முள் கீறியிருக்கும். நாளைக்குப் போட்டி. துடைச்சு உள்ளே விடு."

"முள் கீறினா கோடா இருக்கும். இது வட்டமா இருக்கு. ரோசி வீட்டு நாய்க்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ரோசி அவள் வகுப்புத் தோழி. அந்த நாய் கிறிஸ்துமஸுக்கு முன் இறந்துபோனது.

"இருபத்தாறு வருஷமா நம்ம நாய் இல்லாம அந்தப் போட்டி நடந்ததில்லை," என்றேன்.

"அப்போ நாளைக்கு நீங்க ஓடுங்க. நெட்டில் வரமாட்டா. அவளை டாக்டர்கிட்ட காட்டணும்."

கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி மழையில் நின்றாள். நகரவே இல்லை. நான்தான் காரை எடுத்தேன்.

கால்நடை மருத்துவர் ப்ரூவர் அம்மாளின் கணவருக்குப் போட்டியில் எப்போதும் இரண்டாம் இடம். முதலிடம் எங்களுக்கு.

மருத்துவர் சோதனைக்காக நெட்டிலுக்கு ரத்தம் எடுத்தார். "அபூர்வமா வர்ற நோய் ஒண்ணு இருக்கு. ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியலை. கால்ல புண்ணா ஆரம்பிச்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துடும். குளிர்காலத்துல, சேறான காட்டுல நடக்கிற நாய்களுக்குத்தான் அதிகமா வருது. நடந்துட்டு வந்ததும் கழுவுவீங்களா?"

'ஆமாம்' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ப்ரூவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எங்கள் பெயர் அடிபடலாமா? டாம்சின் என்னைப் பார்த்தாள்.

"இல்லை," என்றேன். "ஒருநாளும் கழுவினதில்லை."

"எந்தப் பக்கம் நடந்தீங்க?"

"ஓடைக்கரைப் பள்ளம்," என்றாள் டாம்சின். "நாலு நாளா அங்கேதான். அவ வயிறு வரைக்கும் சேறு."

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை போட்டி எங்கள் நாய் இல்லாமலே நடந்தது. டாம்சின் நெட்டிலின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எத்தனை தடவை தண்ணீர் குடித்தது, எவ்வளவு சாப்பிட்டது என்று குறித்துவைத்தாள். திங்கட்கிழமை மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

"சிறுநீரகம் நல்லா இருக்கு. புண்ணும் ஆறிட்டு வருது," என்றார் மருத்துவர். "உடனே கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. அப்புறம், எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார், தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "வாழ்த்து சொன்னேன்னு சொல்லுங்க."

மறுநாள் நெட்டிலோடு நடந்துவிட்டு வந்ததும், அவள் கால்களைக் கழுவ டாம்சின் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு பின்வாசலில் குந்தினாள். நான் உள்ளே போய், அலமாரியிலிருந்த பெரிய கோப்பையை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன்.

"இது நானே ஜெயிச்சது. நிறையத் தண்ணி பிடிக்கும்."